முதலிடம் யாருக்கு? தீராத வழக்கில் பத்துப் படங்கள்

1982 ஜூன் 25, வெள்ளிக்கிழமை. அமெரிக்கத் திரையரங்குகளில் ஒரே நாளில் இரண்டு படங்கள் வெளியாயின. ஒன்று ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேடு ரன்னர்’. இன்னொன்று ஜான் கார்பென்டரின் ‘தி திங்’. எதிர்பார்த்த வசூல் இரண்டுக்கும் கிடைக்கவில்லை. இரண்டு வாரம் முன்பு வந்திருந்த ஸ்பீல்பெர்க்கின் ‘இ.டி.’யைப் பார்க்கத்தான் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் போனது. ‘தி திங்’ அருவருப்பூட்டுகிறது என்று விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். ‘பிளேடு ரன்னர்’ கண்ணுக்கு அழகு, கதையோ நகரவே மாட்டேன் என்கிறது என்று முடித்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் வாக்கெடுப்பு நடந்திருந்தால் இரண்டுக்கும் பத்து ஓட்டு விழுந்திருக்குமா என்பதே சந்தேகம். இன்றோ, உலகின் சிறந்த அறிவியல் புனைவுப் படங்கள் என்று யார் எழுத உட்கார்ந்தாலும் ‘பிளேடு ரன்னர்’ இல்லாமல் எழுத முடிவதில்லை. ‘தி திங்’ திகில் ரசிகர்களின் பாடநூலாகிவிட்டது.

தரவரிசை என்பது வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு வெள்ளிக்கிழமையே பதில். எந்தப் படத்தை மேலே வைக்கிறோம் என்பதில், எந்தக் கேள்வியை முக்கியமாக நினைக்கிறோம் என்பதும் இருக்கிறது. ஆகவே அளவுகோலை முதலில் மேசையில் வைத்துவிட்டு வழக்கைத் தொடங்குவதே நியாயம்.

மூன்று பட்டியல், மூன்று தீர்ப்பு

அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 2008-ல் பத்து வகைகளில் பத்துப் பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்தது. அறிவியல் புனைவில் முதலிடம் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’க்கு. அடுத்து ‘ஸ்டார் வார்ஸ்’, ‘இ.டி.’, ‘எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்’, ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’. ‘பிளேடு ரன்னர்’ ஆறாவது, ‘ஏலியன்’ ஏழாவது. பத்தாவது இடத்தில் ‘பேக் டு தி ஃபியூச்சர்’.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2004-ல், லண்டன் ‘கார்டியன்’ நாளிதழ் அறுபது விஞ்ஞானிகளிடம் இதே கேள்வியைக் கேட்டது. அவர்களுடைய முதல் தேர்வு ‘பிளேடு ரன்னர்’, இரண்டாவதுதான் குப்ரிக். ஆய்வகத்தில் வாழ்பவர்கள் ராக்கெட்டையும் விண்கலத்தையும் தாண்டி, மனிதன் யார் என்று கேட்கும் படத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். ரஷ்யப் படமான ‘சொலாரிஸ்’ அந்தப் பட்டியலில் இருந்தது. அமெரிக்கப் பட்டியலில் அதற்கு வழியே கிடையாது, ஏனென்றால் அங்கே போட்டி அமெரிக்கத் தயாரிப்புகளுக்குள் மட்டும்.

மூன்றாவது, பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பு. இது எல்லா வகைப் படங்களுக்கும் பொதுவானது. 2022-ல் 1,600க்கும் மேற்பட்ட விமர்சகர்கள் வாக்களித்ததில் ‘2001’ ஆறாவது இடம் பிடித்தது. இயக்குநர்கள் தனியாக வாக்களித்த பட்டியலிலோ அதுவே முதலிடம். விமர்சகர்களின் முதல் நூறில் ‘ஸ்டாக்கர்’, ‘பிளேடு ரன்னர்’, ‘மெட்ரோபோலிஸ்’, ‘லா ஜெட்டே’ எல்லாம் உண்டு. ‘ஸ்டார் வார்ஸ்’ இல்லை.

அமெரிக்கர்களின் இரண்டாம் இடம், உலக விமர்சகர்களின் நூறில்கூட இல்லை! இந்த இடைவெளியில்தான் சண்டையின் வேர் இருக்கிறது.

கழற்றிப் பார்க்கும் சோதனை

‘ஸ்டார் வார்ஸ்’ 1977 மே 25-ல் வெளியானபோது முப்பத்து சொச்சம் திரையரங்குகளில்தான் திரையிட்டார்கள். சில வாரங்களில் சினிமா வியாபாரத்தின் இலக்கணமே மாறிப்போனது. அதன் சாதனையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது அறிவியல் புனைவா?

ஜார்ஜ் லூகாஸ் தனக்கு உந்துதல் தந்த படங்களில் ஒன்றாகக் குரோசாவாவின் ‘தி ஹிட்டன் ஃபோர்ட்ரஸ்’ (1958) படத்தை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அதில் போர்க்கால ஜப்பானில் ஓர் இளவரசியைப் பாதுகாப்பாகக் கொண்டுசேர்க்கிறார் ஒரு தளபதி. கதையை நாம் இரண்டு ஏழை விவசாயிகளின் கண்வழியே பார்க்கிறோம். அந்த இருவரும்தான் லூகாஸிடம் ஆர்2-டி2, சி-3பிஓ என்ற ரோபோக்களானார்கள். விண்கலத்தை எடுத்துவிட்டுக் குதிரையை வைத்தாலும், லேசர் வாளை எடுத்துவிட்டு இரும்பு வாளை வைத்தாலும் கதை அப்படியே நிற்கும். இளவரசி, மாய சக்தி, குரு, சீடன், கொடிய அரசன் எல்லாம் இருக்கும் அருமையான வீரதீரக் கதை அது.

இங்கிருந்து ஓர் அளவுகோலை எடுக்கலாம். ஒரு படத்திலிருந்து அதன் அறிவியல் கற்பனையைக் கழற்றிப் பாருங்கள். கதை நின்றால் அது வேறு வகைப் படம், அறிவியல் அதற்கு உடுப்பு. கதை சரிந்தால் அது அறிவியல் புனைவு. இதோடு இரண்டாவது நிபந்தனை ஒன்றும் சேரவேண்டும்: படம் எழுப்பிய கேள்வி, அது வந்த காலத்தைவிட இன்று கூர்மையாக இருக்கிறதா? கிராபிக்ஸ் பழசாகும், உடைகள் பழசாகும். கேள்வி பழசாகாத படங்களுக்கே பட்டியலில் இடம்.

இந்தச் சோதனையில் ‘ஸ்டார் வார்ஸ்’ வெளியே போகிறது. ரசிகர்களுக்குக் கோபம் வரும். ஆனால் அதை வெளியே வைப்பதால் அதன் பெருமை குறையவில்லை. சாகசக் கதைகளின் பட்டியலில் அதற்கு ராஜநாற்காலி காத்திருக்கிறது.

கணக்கு சரியாக இருந்தால் போதுமா?

இன்னொரு தரப்பு உண்டு. இயற்பியல் பிழையில்லாத படமே சிறந்த படம் என்பது அவர்களின் வாதம். வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் ‘கிராவிட்டி’ (2013) படத்தில் பிழைகளை அடுக்கியது புகழ்பெற்ற நிகழ்வு. ஹப்பிள் தொலைநோக்கியும் சர்வதேச விண்வெளி நிலையமும் வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு சாய்வில் சுற்றுகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் படத்தில் காட்டியதுபோல மிதந்து போய்விட முடியாது. பிழை உண்மைதான். அதற்காகப் படத்தின் பதைபதைப்பு குறைந்துவிட்டதா?

துல்லியத்தை மட்டும் வைத்து எடைபோட்டவர்கள் வரலாற்றில் சறுக்கியும் இருக்கிறார்கள். 1927-ல் ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ வந்தபோது அதைக் கடுமையாகக் கிழித்தவர் வேறு யாருமல்ல, ‘கால இயந்திரம்’ எழுதிய ஹெச்.ஜி. வெல்ஸ். இயந்திரங்கள் பெருகினால் உடலுழைப்புக் கூலிகள் குறைவார்கள், இந்தப் படமோ இயந்திரத்துக்கு மனிதர்களைக் கொத்தடிமையாக்கிக் காட்டுகிறது, முட்டாள்தனம் என்றார். பொருளாதாரக் கணிப்பாக அவர் சொன்னதில் நியாயம் இருக்கலாம். ஆனால் மேலே சொகுசு மாடங்கள், கீழே நிலத்தடியில் தொழிலாளர் நகரம் என்று லாங் காட்டிய அந்தப் பிளவு, நூறாண்டு நெருங்கியும் ஒவ்வொரு எதிர்கால நகரப் படத்திலும் திரும்பத் திரும்ப வருகிறது.

துல்லியம் கதைக்குள் வேலை செய்யும்போதுதான் அதற்கு மதிப்பு. ‘2001’-ல் விண்வெளியில் சத்தமே கிடையாது. காற்றில்லாத இடத்தில் ஒலி பரவாது என்பது பள்ளிப் பாடம். குப்ரிக் அந்தப் பாடத்தைப் பயத்துக்குப் பயன்படுத்தினார். வீரர் ஒருவர் உயிருக்குப் போராடிச் சுழன்று போகும்போது திரையில் மௌனம் மட்டும். எந்த அலறலாலும் தரமுடியாத நடுக்கம் அது.

சத்யஜித் ராயின் எடுக்கப்படாத படம்

இந்தப் பட்டியல்களில் வந்திருக்கவேண்டிய ஒரு படம் எடுக்கப்படவே இல்லை. அதன் கதை வங்காளத்தில் தொடங்கி, இலங்கை வழியாக ஹாலிவுட் போய் நின்றுபோனது.

சத்யஜித் ராய் 1962-ல் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் ‘பங்குபாபுர் பந்து’ என்ற கதை எழுதினார். எல்லோராலும் கேலி செய்யப்படும் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர், வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ஒருவரைச் சந்திக்கும் கதை. அந்தக் கருவை விரித்து 1967-ல் ‘தி ஏலியன்’ என்ற திரைக்கதையாக்கினார். வங்காளக் கிராமம் ஒன்றின் குளத்தில் விண்கலம் இறங்குகிறது. நீருக்கு மேலே தெரியும் அதன் உச்சியை ஊர்மக்கள் கோயிலென்று நினைத்துக் கும்பிடுகிறார்கள். உள்ளிருந்து வருவது மிரட்டும் பூதம் அல்ல, விளையாட்டுப் பிள்ளை போன்ற சிறிய உருவம்.

ராய்க்கு உற்சாகம் தந்தவர் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த அறிவியல் புனைவு எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். கிளார்க்கின் நண்பரும், இலங்கையில் படங்கள் எடுத்தவருமான மைக் வில்சன் இதை ஹாலிவுட்டுக்குக் கொண்டுபோனார். கொலம்பியா பிக்சர்ஸ் முன்வந்தது, பீட்டர் செல்லர்ஸ் நடிப்பதாகப் பேச்சு நடந்தது. திரைக்கதையின் உரிமையில் தன் பெயருடன் வில்சனின் பெயரும் பதிவாகியிருப்பதைப் பார்த்து ராய் திடுக்கிட்டார். படம் இழுபறியில் சிக்கி நின்றது. திரைக்கதையின் பிரதிகள் மட்டும் ஹாலிவுட்டில் கைமாறிக்கொண்டிருந்தன.

1982-ல் ‘இ.டி.’ வந்ததும், இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையை ராயிடம் சுட்டிக்காட்டியவர் கிளார்க்தான். தன் திரைக்கதைப் பிரதிகள் அமெரிக்காவில் பரவியிராவிட்டால் அந்தப் படம் சாத்தியமாகியிருக்காது என்று ராய் கருதினார். ஸ்பீல்பெர்க் அதை மறுத்தார். வழக்கு நீதிமன்றம் போகவில்லை. ஆனால் ‘பதேர் பாஞ்சாலி’யின் இயக்குநர் அறுபதுகளிலேயே ஓர் இந்தியக் கிராமத்தில் விண்கலத்தை இறக்கியிருந்தால், அறிவியல் புனைவு என்றதும் நம் மனதில் வரும் படமே வேறாக இருந்திருக்கும். அந்த இழப்பு ராய்க்கு மட்டுமானதல்ல.

தமிழ் எங்கே நிற்கிறது?

தமிழ்த் திரையில் விண்கலம் தாமதமாக வந்துவிடவில்லை. எம்.ஜி.ஆரும் பி. பானுமதியும் நடித்து, ஏ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’ 1963-லேயே வந்துவிட்டது. வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வந்து ஒரு பாடகியைக் கடத்திப்போகும் கதை. மனிதன் நிலவில் காலடி வைப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு அதைக் கற்பனை செய்த துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். கழற்றும் சோதனையில் அது தேறாது. கடத்துபவன் பக்கத்து நாட்டு மன்னனாக இருந்தாலும் கதை ஓடும்.

‘எந்திரன்’ (2010) தேறுகிறது. ஷங்கரின் பிரம்மாண்டத்துக்கும் ரஜினியின் இரட்டை வேடத்துக்கும் அடியில் அசலான ஓர் அறிவியல் கேள்வி இருக்கிறது. ராணுவத்துக்கு ஏற்றதல்ல என்று நிராகரிக்கப்பட்ட இயந்திரத்துக்கு உணர்ச்சியைக் கற்றுக்கொடுத்தால், அது கோபத்தையும் காதலையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுமே, பிறகு என்ன செய்வீர்கள்? எலக்ட்ரானிக்ஸ் பொறியாளராக வேலை பார்த்தவரும் ‘என் இனிய இயந்திரா’ எழுதியவருமான சுஜாதாவின் கைரேகை அந்தக் கேள்வியில் இருக்கிறது. படம் வெளியாவதைப் பார்க்க அவர் இல்லை, 2008-ல் காலமானார். ரோபோ சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும் காட்சி, இரண்டாம் பாதியின் அத்தனை வெடிச்சத்தத்துக்குப் பிறகும் மனதில் தங்குகிறது.

இதைவிடச் சிக்கனமாகத் தேறியது ஆர். ரவிக்குமாரின் ‘இன்று நேற்று நாளை’ (2015). 2065-லிருந்து வந்த கால இயந்திரம் இரண்டு இளைஞர்கள் கையில் கிடைக்கிறது. அவர்கள் அதை வைத்துத் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் காசு பார்க்கிறார்கள். அந்தப் பயணம் ஒன்றில் நேரும் சிறு குளறுபடியால், இறந்துபோயிருக்கவேண்டிய ரவுடி உயிரோடு திரும்பி வருகிறான். காரணமும் விளைவும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் கணக்கைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன படம். பெரிய பட்ஜெட் இல்லாமலே இதைச் செய்யமுடியும் என்று அது காட்டியது. உலகப் பத்தில் சேர்க்கும் இடத்துக்குத் தமிழ் இன்னும் வரவில்லை. வருவதற்கான பாதை இந்தப் படத்தின் பக்கமாகத்தான் போகிறது.

பத்து முதல் ஒன்று வரை

10. இன்டர்ஸ்டெல்லார் (2014). கறுந்துளைக்கு அருகே உள்ள கோளில் ஒரு மணி நேரம் என்றால் பூமியில் ஏழு ஆண்டுகள். ஐன்ஸ்டீனின் சார்பியலை அப்பா-மகள் பாசமாக மாற்றிய கிறிஸ்டோபர் நோலனின் இந்தக் கணக்குதான் படத்தின் உயிர். சில மணி நேரம் கழித்துத் திரும்பிய தந்தை, இருபத்து மூன்று ஆண்டு வீடியோ செய்திகளை ஒரே அமர்வில் பார்த்து அழும் காட்சியில், இயற்பியல் தெரியாதவருக்கும் காலம் என்றால் என்னவென்று புரிந்துவிடும். இயற்பியலாளர் கிப் தோர்ன் தந்த சமன்பாடுகளை வைத்துக் கறுந்துளையின் உருவத்தைக் கணித்தார்கள். அந்த வேலை ஆய்விதழ்க் கட்டுரையாகவும் வெளிவந்தது. தோர்ன் 2017-ல் நோபல் பரிசு பெற்றார், ஈர்ப்பலை ஆய்வுக்காக. கடைசி அரைமணி நேரம் எல்லாவற்றையும் வாயால் விளக்கிவிடுவதால் பத்தாவது இடம்.

9. மெட்ரோபோலிஸ் (1927). ரோபோ மரியா இல்லாமலும் தொழிலாளர் கலகத்தைக் கதையாக்கியிருக்கலாம் என்பதால் சோதனையில் கொஞ்சம் தடுமாறுகிறது. ஆனால் எதிர்கால நகரம் என்றால் எப்படி இருக்கும் என்று சினிமாவுக்குச் சொல்லிக்கொடுத்த படம் இது. வெளியான சில மாதங்களிலேயே வெட்டிக் குறைத்துவிட்டார்கள். தொலைந்த காட்சிகளில் பெரும்பகுதி 2008-ல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் இருந்த பிரதியிலிருந்து மீண்டது.

8. ஏலியன் (1979). பேய் வீட்டுக் கதையை விண்கலத்துக்கு மாற்றியதுதானே என்பார்கள். இல்லை. அந்த உயிரினத்தின் வாழ்க்கைச் சுழற்சியே கதை. முட்டை, முகத்தைக் கவ்வும் பருவம், மனித உடலுக்குள் வளரும் பருவம் என்று ஒட்டுண்ணிக் குளவிகளின் உயிரியலை மனிதன் மேல் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். அதைவிடப் பயங்கரம், மாலுமிகள் செத்தாலும் பரவாயில்லை, அந்த உயிரினம் வந்து சேரவேண்டும் என்ற நிறுவனத்தின் உத்தரவு. பாத்திரங்களை ஆண், பெண் யார் வேண்டுமானாலும் நடிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அதனால்தான் சிகர்னி வீவரின் ரிப்ளி கிடைத்தாள்.

7. சில்ட்ரன் ஆஃப் மென் (2006). கதை நடப்பது 2027-ல். பதினெட்டு ஆண்டுகளாக உலகில் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. ஏன் என்று அல்ஃபோன்சோ குவாரோன் விளக்கவே இல்லை. பள்ளிக்கூடங்கள் பாழடைந்து கிடக்கின்றன, அகதிகளைக் கூண்டில் அடைக்கிறார்கள், மற்றவர்கள் காபிக் கடையில் நின்று செய்தி பார்க்கிறார்கள். வந்தபோது போட்ட காசைத் திரையரங்கில் எடுக்கவில்லை. அகதிகள் பிரச்சினை உலக அரசியலின் மையத்துக்கு வந்தபிறகு, பார்த்தவர்களே மறுபடி பார்த்தார்கள்.

6. அரைவல் (2016). பன்னிரண்டு விண்கலங்கள் உலகெங்கும் வந்து நிற்கின்றன. ராணுவம் முதலில் கூப்பிடுவது ஒரு மொழியியல் பேராசிரியரை! டெட் சியாங்கின் 1998-ஆம் ஆண்டுக் குறுநாவலிலிருந்து டெனி வில்னுவ் எடுத்த படம். புதிய மொழியைக் கற்றால் உலகைப் பார்க்கும் விதம் மாறுமா என்ற மொழியியல் கருதுகோளைக் கடைசி எல்லை வரை கொண்டுபோகிறது. மொழியை எடுத்துவிட்டால் இந்தப் படத்தில் எதுவுமே மிஞ்சாது.

5. லா ஜெட்டே (1962). இருபத்தெட்டே நிமிடம். ஏறக்குறைய முழுவதும் அசையாத புகைப்படங்கள், பின்னணியில் ஒரு குரல். மூன்றாம் உலகப் போருக்குப் பின் பாரிஸ் நிலத்தடியில் அடைபட்ட ஒரு கைதி. சிறுவயதில் விமான நிலையத்தில் பார்த்த ஒரு பெண்ணின் முகத்தை அவனால் மறக்கமுடியவில்லை. அந்த நினைவின் பிடிமானத்தால் அவனைக் கடந்த காலத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரே ஒரு கணம் மட்டும் படம் அசைகிறது, அந்தப் பெண் கண் திறக்கும்போது. கிரிஸ் மார்க்கரின் இந்தக் குறும்படத்தை அடியொற்றித்தான் டெர்ரி கில்லியம் ‘12 மங்கீஸ்’ எடுத்தார். நோயாளியின் கனவு போன்ற இந்தக் கதையைச் சொல்ல ஒரு ஸ்டில் கேமராவே ஏறக்குறைய போதுமானதாக இருந்தது.

4. காட்ஸில்லா (1954). பொம்மை நகரத்தை மிதிக்கும் ரப்பர் உடுப்பு மிருகம் என்று இதை நினைப்பவர்கள் அசல் ஜப்பானியப் படத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. ‘லக்கி டிராகன்’ என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர் மேலும் கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. ஒருவர் அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்தார். நவம்பரில் படம் வெளியாகிவிட்டது. அணுகுண்டுச் சோதனையால் கிளம்பிவரும் மிருகம் முதலில் ஒரு கப்பலை எரிக்கும் காட்சியைப் பார்த்த ஜப்பானியருக்கு அது கற்பனையாக இருந்திருக்காது. மிருகத்தைக் கொல்லும் கருவியைக் கண்டுபிடித்த விஞ்ஞானி, அது அடுத்த ஆயுதமாகிவிடக் கூடாதென்று தன் குறிப்புகளை எரித்துவிட்டுத் தானும் கடலடியில் சாகிறார். ஹிரோஷிமாவுக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, இஷிரோ ஹோண்டா உலக விஞ்ஞானிகளிடம் கேட்ட கேள்வி அது.

3. சொலாரிஸ் (1972). எழுத்தாளருக்கும் இயக்குநருக்கும் நடந்த சண்டையாலேயே பெருமை பெற்ற படம். ஸ்டானிஸ்லாவ் லெம் எழுதிய நாவலில் முக்கியப் பாத்திரம், சிந்திக்கும் பெருங்கடலால் மூடப்பட்ட ஒரு கோள். மனித அறிவுக்கு எட்டாத ஒன்று இருக்கிறது என்பது அவர் வாதம். ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கிக்கோ, தற்கொலை செய்துகொண்ட மனைவியின் உருவத்தை அந்தக் கடல் திருப்பி அனுப்பும்போது கணவன் என்ன செய்கிறான் என்பதே முக்கியம். தன் நாவலை விட்டுவிட்டு தஸ்தயேவ்ஸ்கியை எடுத்துவிட்டார் என்று லெம் கொதித்தார். கேன் விழாவில் படம் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. லெம்மின் கோபத்தில் நியாயம் உண்டு, ஆனாலும் படம் தோற்கவில்லை. அந்தப் பெண் தான் மனைவி அல்ல, அவன் நினைவின் நகல் என்று உணர்ந்து துடிக்கும் இடத்தில், லெம்மின் கேள்வியும் தார்க்கோவ்ஸ்கியின் கேள்வியும் ஒன்றாகிவிடுகின்றன. இறந்தவர்களின் குரலையும் பேச்சையும் கணினி நகலெடுக்கும் இந்நாளில், இந்தப் படத்தை ஐம்பதாண்டுப் பழையது என்று யார் சொல்வார்கள்?

2. பிளேடு ரன்னர் (1982). கதை 2019 நவம்பரில், ஓயாமல் மழை பெய்யும் லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கிறது. நான்கே ஆண்டு ஆயுள் கொடுத்து உருவாக்கப்பட்ட செயற்கை மனிதர்கள், இன்னும் கொஞ்சம் வாழவேண்டும் என்று கேட்டுப் பூமிக்குத் தப்பி வருகிறார்கள். அவர்களைத் தேடிக் கொல்வது நாயகனின் வேலை. வெளியீட்டுக்கு முன் பயந்துபோன தயாரிப்புத் தரப்பு, ஹாரிசன் ஃபோர்டைப் பின்னணிக் குரலில் கதையை விளக்கவைத்தது. சுபமான முடிவு ஒன்றையும் ஒட்டியது. அந்த முடிவில் வரும் மலைக் காட்சிகள், குப்ரிக் ‘தி ஷைனிங்’ படத்துக்கு எடுத்து மிச்சம் வைத்திருந்தவை! 1992-லும் 2007-லும் வந்த பதிப்புகள்தான் படத்தை அதன் இருட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தன. நாயகன் டெக்கார்டும் செயற்கை மனிதனா? ஆம் என்கிறார் ஸ்காட், இல்லை என்று வாதிட்டார் ஃபோர்டு. நாற்பது ஆண்டுகளாகச் சண்டை ஓயவில்லை. மூல நாவலை எழுதிய ஃபிலிப் கே. டிக், படம் வெளிவர ஏறக்குறைய நான்கு மாதம் இருக்கும்போது இறந்துபோனார். மழையில் நனைந்தபடி செயற்கை மனிதர்களின் தலைவன் ராய் பேட்டி பேசும் கடைசி வசனத்தை நடிகர் ரட்கர் ஹாவர் தானே சுருக்கி, தன் வரியையும் சேர்த்தார். கொல்ல வந்தவனைக் காப்பாற்றிவிட்டுச் சாகும் அந்தச் செயற்கை மனிதன், படத்தில் வரும் எல்லா மனிதர்களையும்விட மனிதத்தன்மையோடு இருக்கிறான்.

1. 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி (1968). குப்ரிக்கும் கிளார்க்கும் 1964-ல் நியூயார்க்கில் சந்தித்து, நாவலையும் திரைக்கதையையும் சேர்ந்து வளர்த்தார்கள். 1968 ஏப்ரலில் முதல் காட்சிகளில் பலர் பாதியில் எழுந்து போனார்கள். முதல் இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு வசனம்கூடக் கிடையாது. குப்ரிக் அவசரமாகப் பத்தொன்பது நிமிடத்தை வெட்டினார். அமெரிக்காவின் செல்வாக்கு மிக்க விமர்சகர் பாலின் கேல் கற்பனை வறண்ட படம் என்று எழுதினார். தூக்கி நிறுத்தியவர்கள் இளைஞர்கள். திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள்.

வழக்கமாக இதை முதலிடத்தில் வைப்பவர்கள் காட்சிகளைக் காரணம் சொல்வார்கள். ஆதிமனிதன் வீசிய எலும்பு விண்கலமாக மாறும் அந்த ஒரு வெட்டு, சுழலும் சக்கரத்துக்குள் வீரர் ஓடும் காட்சி, எல்லாம் உண்மை. ஆனால் இங்கே முதலிடம் தருவதற்குக் காரணம் ஹால் 9000.

வியாழனை நோக்கிப் போகும் கலத்தை நடத்தும் கணினி அது. தவறே செய்யாதது என்று பெயர் பெற்றது. ஒரு கருவி பழுதாகப்போகிறது என்று அது சொல்கிறது. கருவியைச் சோதித்தால் பழுது இல்லை. தன்னை அணைத்துவிடலாமா என்று வீரர்கள் இருவர் தனியறையில் ரகசியம் பேசுவதை, உதட்டசைவை வைத்தே படித்துவிடுகிறது. பிறகு கொலைகள். ஹாலை அணைத்தபின்தான் பயணத்தின் உண்மை நோக்கம் வீரருக்குத் தெரியவருகிறது. அதுவரை கலத்தில் விழித்திருந்தவர்களில் அதை அறிந்தது கணினி ஒன்றே. கிளார்க் நாவலில் காரணத்தைத் தெளிவாகவே எழுதினார்: உண்மையை உள்ளபடி சொல்லும்படி படைக்கப்பட்ட இயந்திரத்திடம், உண்மையை மறைக்கும்படியும் மனிதர்கள் கட்டளையிட்டார்கள். அந்த முரண்தான் அதை உடைத்தது.

இயந்திரம் கெட்டதாக இருந்ததால் கொல்லவில்லை. கொடுத்த வேலையை முடிக்கவேண்டும் என்பதில் அது உறுதியாக இருந்தது, குறுக்கே மனிதர்கள் நின்றார்கள். செயற்கை நுண்ணறிவுக்கு நோக்கம் வகுப்பது எப்படி என்று இன்றைய ஆய்வாளர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் சிக்கலை, தனிநபர் கணினி பிறப்பதற்கு முன்பே ஒரு படம் இவ்வளவு துல்லியமாக முன்வைத்தது. ஹாலைக் கழற்றினால் ‘2001’ நிற்காது. அதன் கேள்வி 1968-ஐவிட இன்று பல மடங்கு அவசரமானது. இரண்டு அளவுகோலிலும் முழு மதிப்பெண் வாங்கும் படம் இதுவே.

விடுபட்டவர்களின் நியாயம்

யார் வெளியே வைத்தாலும் ரசிகர்கள் விடாத ‘தி மேட்ரிக்ஸ்’ (1999) இங்கே இல்லை என்பதைப் பலர் ஏற்கமாட்டார்கள். அதன் கேள்வி வலுவானது. ஆனால் மூளைக்கும் கணினிக்கும் நடுவே ‘நான்’ எங்கே இருக்கிறேன் என்று கேட்பதில், அதற்கு முன்மாதிரியான ஜப்பானிய அனிமேஷன் ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ (1995) இன்னும் ஆழமாகப் போகிறது. பதினோராவது இடம் என்று ஒன்று இருந்தால் அந்த ஜப்பானியப் படத்துக்கே. ‘ஸ்டாக்கர்’ ரசிகர்களுக்கும் வருத்தம் இருக்கும். தார்க்கோவ்ஸ்கிக்கு ஒரே இடம் என்று முடிவானபோது, கேள்வியின் கூர்மையால் ‘சொலாரிஸ்’ முந்தியது.

இந்தப் பத்தில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பெண் இயக்குநர் ஒருவர்கூட இல்லை. கேத்ரின் பிக்லோவின் ‘ஸ்ட்ரேஞ்ச் டேஸ்’ (1995), கிளேர் டெனியின் ‘ஹை லைஃப்’ (2018) இரண்டும் விவாதத்தில் நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடியவை. 2022 ‘சைட் அண்ட் சவுண்ட்’ வாக்கெடுப்பில் சாந்தால் அக்கர்மனின் ‘ழான் தீல்மான்’ முதலிடம் பெற்றது. பெண் ஒருவர் இயக்கிய படம் அங்கே முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை. எழுபதாண்டுப் பட்டியலே அப்படிப் புரளுமென்றால், அறிவியல் புனைவுப் பட்டியலில் இந்த ஓட்டை அடைபட வெகுகாலம் ஆகாது.

அடுத்த வாக்கெடுப்புக்கான முறை 2032. அதற்குள் இந்தப் பத்தில் முதலில் ஆட்டம் காணப்போவது ‘இன்டர்ஸ்டெல்லா’ரின் இடம்தான். அதற்குப் போட்டியாக இப்போதே நிற்பது, குரல் மட்டுமே உள்ள மென்பொருளோடு ஒருவன் காதலில் விழும் ‘ஹெர்’ (2013). வந்தபோது விநோதமாகத் தெரிந்த அந்தக் கதை, கைப்பேசியோடு இரவெல்லாம் பேசும் தலைமுறைக்கு அன்றாடச் செய்தி. ஸ்பைக் ஜோன்ஸின் அந்தப் படத்துக்கு இன்றே ஓட்டுப் போடத் தயாராக இருப்பவர்கள், பத்தாவது இடத்திலிருந்து விவாதத்தைத் தொடங்கலாம்.